நாடுகள் ஆடிய ஆட்டம்

நுழையும்முன்

இருவர் ஆட விரும்பினால் இருவருக்கும் பொதுவான விதி வேண்டும். ஐயம் எழும்போது இருவரும் ஏற்றுக்கொள்ளும் நடுவர் வேண்டும். இவ்விரண்டும் எளிதில் கிடைத்துவிடும் என்றே நாம் எண்ணுகிறோம். ஆனால், நாடுகளுக்கிடையேயான ரக்பி ஆட்டம் இவ்விரண்டையும் அடைய ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. அந்த இருபது ஆண்டு வரலாற்றின் நடுவே, இந்திய வெள்ளி ரூபாயை உருக்கிச் செய்த கோப்பை ஒன்றும் நிற்கிறது. அதன் கதையே இப்பாடம்.

நாடு என்னும் சொல்

நாமக்கல் மாவட்டத்திலுள்ள கொல்லிமலைக்குக் காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற வேண்டும். மேலே சென்றதும் அங்குள்ள பெயர்கள் புதியவர்களை வியக்கவைக்கும். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, சேலூர் நாடு என ஒரு மலைக்குள்ளேயே பல நாடுகள் இருக்கின்றன. அறப்பளீசுவரர் கோவில் அமைந்திருப்பது வளப்பூர் நாட்டில். சிற்றூர்கள் பல சேர்ந்த நிலப்பகுதியை நாடு என்றழைக்கும் பழந்தமிழ் வழக்கு அம்மலையில் இன்றும் உயிரோடிருக்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளிலும் ஊர்கள் சேர்ந்து நாடாகவும், நாடுகள் சேர்ந்து வளநாடாகவும் அமைந்திருந்ததைக் காண்கிறோம். தனிக்கொடியும் தனிப்படையும் உடைய அரசையே இன்று நாடு என்கிறோம். அச்சொல்லின் பழைய பொருளோ ஒரு நிலத்து மக்கள் தம்மை ‘நாம்’ என்று எண்ணிக்கொள்ளும் எல்லையைக் குறித்தது.

இரண்டு நாட்டு இளைஞர்கள் ஒருநாள் கபடி ஆட முடிவு செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஊரில் ஏழு பேர் ஆடுவது வழக்கம். மற்றோர் ஊரில் ஒன்பது பேர். ஓர் ஊரில் கோட்டை மிதித்தால் ஆட்டமிழப்பு. மற்றோர் ஊரில் கோட்டைக் கடந்தால்தான் ஆட்டமிழப்பு. யாருடைய வழக்கப்படி ஆடுவது? கால் கோட்டில் பட்டதா, இல்லையா என்று யார் சொல்வது? முதல் ‘பாட்டு’ தொடங்கும் முன்னரே இவ்வினாக்களுக்கு விடை கண்டாக வேண்டும்.

இதே வினாக்கள்தாம் 1870ஆம் ஆண்டில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து ஆகிய இரு நாடுகளுக்கிடையே எழுந்தன. அவ்விரண்டும் 1707ஆம் ஆண்டிலிருந்தே ஒரே முடியின்கீழ், ஒரே நாடாளுமன்றத்தின்கீழ் இருந்தவை. எனினும், ஸ்காட்லாந்து மக்கள் தம்மைத் தனி நாட்டினராகவே கருதினர். அக்கருத்துக்கு ஆடுகளத்தில் உருவம் கொடுத்ததே முதல் பன்னாட்டு ரக்பிப் போட்டி.

மடலில் தொடங்கிய போட்டி

இங்கிலாந்திலுள்ள ரக்பி என்னும் ஊரின் பள்ளியில் ஆடப்பட்ட ஒருவகைக் கால்பந்தாட்டமே பின்னர் அவ்வூரின் பெயரைப் பெற்றது. பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம் என்பது அதன் தனித்தன்மை. அப்பள்ளி மாணவர்கள் 1845ஆம் ஆண்டில் தம் ஆட்டத்தின் விதிகளை எழுத்தில் வடித்தனர். பள்ளியை விட்டு வெளியேறியவர்கள் சென்ற இடமெல்லாம் கழகங்கள் தோன்றின; கழகத்திற்குக் கழகம் விதிகளும் மாறின. 1863ஆம் ஆண்டில் இலண்டனில் கால்பந்துச் சங்கம் உருவானபோது, பந்தைக் கையில் ஏந்துவதையும் எதிரியின் முழங்காலுக்குக் கீழே உதைப்பதையும் விதியிலிருந்து நீக்க வேண்டுமென்ற கருத்து வலுப்பெற்றது. அதனை ஏற்காதவர்கள் விலகினர். கையால் ஆடும் ஆட்டமும் காலால் ஆடும் ஆட்டமும் அங்கே இரு வழிகளாகப் பிரிந்தன.

1870ஆம் ஆண்டில் கால்பந்துச் சங்கத்தின் விதிப்படி இங்கிலாந்து அணிக்கும் ஸ்காட்லாந்து அணிக்கும் இலண்டனில் போட்டிகள் நடந்தன. அவற்றில் ஸ்காட்லாந்துக்காக ஆடியோர் பெரும்பாலும் இலண்டனில் வாழ்ந்தவர்கள். ‘எங்கள் நாட்டில் நாங்கள் ஆடும் ஆட்டமே வேறு’ என்று ஸ்காட்லாந்துக் கழகத்தினர் எண்ணினர். ஐந்து கழகங்களின் அணித்தலைவர்கள் கையொப்பமிட்ட அறைகூவல் மடல் 1870 திசம்பர் 8 அன்று நாளிதழில் வெளியாயிற்று. ரக்பி விதிப்படி, அணிக்கு இருபது பேராக ஆட வருமாறு அவர்கள் இங்கிலாந்தை அழைத்தனர்.

இங்கிலாந்து வீரர்கள் அவ்வழைப்பை ஏற்றனர். ஆனால், நாட்டின் சார்பாக அணியைத் தேர்ந்தெடுக்க அங்கே ரக்பிக்கென ஓர் அமைப்பு இல்லை. 1871 சனவரி 26 அன்று 21 கழகங்களின் சார்பாளர்கள் இலண்டனில் கூடி ரக்பி கால்பந்து ஒன்றியத்தை நிறுவினர். பன்னாட்டுப் போட்டி நடைபெறும் முன்னரே அதற்கான அழைப்பு ஓர் அமைப்பைத் தோற்றுவித்துவிட்டது.

கணக்கில் வந்தவை

1871 மார்ச் 27 அன்று எடின்பரோ நகரின் ரேபர்ன் பிளேஸ் திடலில் அந்தப் போட்டி நடந்தது. ஏறத்தாழ நாலாயிரம் பேர் அதனைக் காண வந்திருந்தனர். பாதிக்கு ஐம்பது நிமிடமாக இரு பாதிகள். களத்தில் மொத்தம் நாற்பது வீரர்கள். இன்றைய பதினைந்து பேர் ஆட்டத்தைப்போல் பந்து கைமாறிக் கைமாறி ஓடவில்லை. பெருங்கூட்டமாக ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு, பந்தைக் காலால் உந்தியபடி மெல்ல நகர்வதே அன்றைய ஆட்டத்தின் பெரும்பகுதி.

வெற்றியைக் கணக்கிட்ட முறையும் வேறானது. எதிரணியின் கோட்டிற்கு அப்பால் பந்தைத் தரையில் ஊன்றுவதற்கு ‘டிரை’ என்று பெயர். முயற்சி என்பது அச்சொல்லின் பொருள். அன்று அதற்குத் தனி மதிப்பு இல்லை. கம்பங்களுக்கு நடுவே, குறுக்குக் கம்பிக்கு மேலாகப் பந்தை உதைக்க முயலும் உரிமையை மட்டுமே அது அளித்தது. உதை வெற்றி பெற்றால் அது ‘கோல்’. கோல்களே வெற்றியை முடிவு செய்தன. இன்று ஒரு டிரைக்கு ஐந்து புள்ளிகள். அதன்பின் உதைத்துப் பெறும் கோலுக்கு இரண்டு புள்ளிகள். ஒரு காலத்தில் வெறும் வாயிலாக இருந்தது காலப்போக்கில் வீடாகவே மாறிவிட்டது.

அன்றைய போட்டியில் ஸ்காட்லாந்து ஒரு கோலும் கூடுதலாக ஒரு டிரையும் பெற்று வென்றது. இங்கிலாந்துக்குக் கிடைத்தது ஒரு டிரை மட்டுமே. ஸ்காட்லாந்தின் கோலுக்கு வழிவகுத்த டிரை சரியானதன்று என இங்கிலாந்து வீரர்கள் வாதிட்டனர். நடுவர்களுள் ஒருவரான ஹெலி ஹட்சின்சன் ஆல்மண்ட் அதனைச் செல்லும் என்றார். பள்ளித் தலைமையாசிரியரான அவர், தம் தீர்ப்பு சரியா, தவறா என்று தமக்கே உறுதியாகத் தெரியாது எனப் பின்னாளில் ஒப்புக்கொண்டார். ஐயம் நேரும்போது, எந்த அணி மிகுதியாகக் கூச்சலிடுகிறதோ அதற்கு எதிராகத் தீர்ப்பளிப்பதே நடுவருக்கு முறை; ஏனெனில், தவறு அவர்கள் பக்கமே இருக்கக்கூடும் என்றும் அவர் நகைச்சுவையுடன் எழுதினார்.

இந்த நகைச்சுவைக்குள் ஓர் உண்மையும் உண்டு. அன்று இரு நாடுகளுக்கும் பொதுவான, எழுதப்பட்ட முழுமையான விதிநூல் இல்லை. இங்கிலாந்தின் ரக்பி ஒன்றியம் 59 விதிகளைத் தொகுத்து ஏற்றுக்கொண்டதே அப்போட்டிக்குப் பிறகு, 1871 சூன் மாதத்தில்தான். எதிரியின் காலை உதைப்பதும் இடறிவிடுவதும் அவ்விதிகளில் தடைசெய்யப்பட்டன. முதற்போட்டியோ விதிநூலுக்கு முன்பே, நம்பிக்கையின் பேரில் ஆடப்பட்டது.

கல்கத்தாவில் ரக்பி

அடுத்த ஆண்டே இவ்வாட்டம் கடல்கடந்து வந்தது. 1872 திசம்பர் 25, கிறித்துமசு நாளில், கல்கத்தாவில் வாழ்ந்த பிரித்தானியர் இரு அணிகளாகப் பிரிந்து ரக்பி ஆடினர். ஓரணியில் இங்கிலாந்தைச் சேர்ந்த இருபது பேர். மற்றோர் அணியில் ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்சு ஆகியவற்றைச் சேர்ந்த இருபது பேர். எடின்பரோவில் தொடங்கிய நாடுகளின் போட்டி, வங்கத்தின் திடலில் சிறிய அளவில் மீண்டும் நடந்தது எனலாம். அந்த உற்சாகத்தில் 1873 சனவரியில் கல்கத்தா கால்பந்துக் கழகம் பிறந்தது. 1874ஆம் ஆண்டில் அது இங்கிலாந்தின் ரக்பி ஒன்றியத்தில் சேர்ந்தது.

ஆனால், அக்கழகத்தின் வாழ்வு நெடிதாக அமையவில்லை. கல்கத்தாவின் வெப்பம் அந்த ஆட்டத்துக்கு ஏற்றதாக இல்லை. ஆர்வத்தோடு ஆடிய படைப்பிரிவினர் வேறிடங்களுக்கு மாற்றப்பட்டனர். எஞ்சியோரின் விருப்பம் போலோ, டென்னிசு ஆகியவற்றின் பக்கம் திரும்பியது. ஐந்தாண்டுகளுக்குள் கழகத்தில் பணம் இருந்தது, ஆடுவோர் இல்லை.

கழகத்தின் அணித்தலைவராகவும் செயலராகவும் பொருளாளராகவும் இருந்த ஜேம்சு ராத்னி 1877 திசம்பரில் இலண்டனிலுள்ள ரக்பி ஒன்றியத்திற்கு மடல் எழுதினார். எஞ்சிய நிதியைக் கொண்டு இந்தியக் கைவேலைப்பாடு மிக்க கோப்பை ஒன்றைச் செய்து அளிக்கலாம் என்றும், ரக்பி ஆட்டத்திற்கு நிலைத்த நன்மை செய்ய அதுவே தக்க வழி என்றும் அவர் கருதினார். ஒன்றியம் ஒப்புக்கொண்டது. கழகத்தின் வங்கிக் கணக்கிலிருந்து 270 வெள்ளி ரூபாய் எடுக்கப்பட்டு உருக்கப்பட்டது.

அவ்வாறு உருவானதே கல்கத்தா கோப்பை. ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் உயரமுள்ள அதன் கைப்பிடிகள் மூன்றும் நாகங்களின் வடிவில் அமைந்தவை. மூடியின் உச்சியில் அம்பாரி சுமந்த யானை நிற்கிறது. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஆண்டுதோறும் ஆட வேண்டிய பன்னாட்டுச் சுழற்கோப்பை என்னும் செய்தி 1878ஆம் ஆண்டைக் குறிப்பிட்டு அதன் பீடத்தில் பொறிக்கப்பட்டது. அக்கோப்பைக்கான முதற்போட்டி 1879 மார்ச் 10 அன்று, அதே ரேபர்ன் பிளேஸ் திடலில் நடந்து, வெற்றி தோல்வியின்றி முடிந்தது. அடுத்த ஆண்டு இங்கிலாந்து வென்று கோப்பையை முதலில் கைப்பற்றியது.

பஞ்ச காலத்து வெள்ளி

அக்கோப்பையை நாம் இன்னொரு கண்ணாலும் காண வேண்டும். ராத்னி மடல் எழுதிய காலம், நம் முன்னோர் ‘தாது வருடப் பஞ்சம்’ என்று குறிப்பிடும் 1876–78ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சத்தின் காலம். சென்னை மாகாணத்தில் அதனால் கடுமையாகத் துன்புற்ற மாவட்டங்களுள் சேலமும் ஒன்று. கொல்லிமலை அன்று அம்மாவட்டத்தில்தான் இருந்தது. 1877ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நிவாரணப் பணியில் உழைத்த ஓர் ஆணுக்கு அரசு வகுத்த நாட்கூலி ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும். ஒரு பவுண்டு என்பது ஏறத்தாழ 450 கிராம். பதினாறு அணா ஒரு ரூபாய். எனவே, 270 ரூபாய் என்பது 4,320 அணா. பல்லாயிரவர் ஓர் அணாவுக்காக நாள் முழுதும் மண்ணும் கல்லும் சுமந்த காலத்தில்தான் அக்கோப்பைக்கான எண்ணம் பிறந்தது.

கழகத்தின் பணம் கழகத்தினருடையது. அதனைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளாமல் ஆட்டத்திற்கென விட்டுச்சென்றது பெருந்தன்மையே. எனினும், கோப்பையில் இந்திய வெள்ளி இருந்தது. இந்தியக் கைத்திறன் இருந்தது. இந்தியாவின் யானையும் நாகமும் இருந்தன. அதற்காக ஆடும் உரிமை பெற்றவர்களுள் இந்தியர் எவரும் இல்லை. கல்கத்தாவின் முதற்போட்டியில் களம் இறங்கிய நாற்பதின்மரிலும் இந்தியர் இல்லை. ஒரு நாடு, பொருளாகவும் அணியாகவும் கோப்பையில் இடம்பெற்றது, ஆட்டத்தில் இடம்பெறவில்லை. வரலாற்றைக் கற்போர் இவ்விரு செய்திகளையும் சேர்த்தே நினைவிற்கொள்ள வேண்டும்.

ஆடப்படாத ஆண்டுகள்

ஆண்டுதோறும் ஆட வேண்டும் எனப் பொறித்த கோப்பை இருந்தும், 1885ஆம் ஆண்டில் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஆடவில்லை. 1888, 1889ஆம் ஆண்டுகளிலும் ஆடவில்லை. அதற்குக் காரணம் ஒரே ஒரு டிரை.

1884 மார்ச்சில் நடந்த போட்டியில் ஸ்காட்லாந்து வீரர் ஒருவர் பந்தைக் கையால் பின்னோக்கித் தட்டினார். அதனை எடுத்த இங்கிலாந்து வீரர் ஓடிச்சென்று டிரை பெற்றார். பந்தைத் தட்டியது தவறு. தவறு நேர்ந்தவுடன் ஆட்டம் நின்றிருக்க வேண்டும். ஆகவே டிரை செல்லாது என்றது ஸ்காட்லாந்து. அது தவறே அன்று. தவறென்றே கொண்டாலும், தவறு செய்த அணியே அதனால் பயன்பெறுவது எவ்வாறு முறையாகும் என்றது இங்கிலாந்து. நடுவர் டிரையை ஏற்றார், இங்கிலாந்து வென்றது.

வாதம் அதோடு முடிந்திருந்தால் அது வெறும் விளையாட்டுப் பூசலே. ஆனால், அதன் அடியில் பெரியதொரு வினா இருந்தது. விதிகளை வகுத்தது எங்கள் ஒன்றியம். அவற்றின் பொருளைச் சொல்லும் உரிமையும் எங்களுக்கே என்று இங்கிலாந்து கருதியது. போட்டியில் ஒரு தரப்பாக நிற்பவரே விதிக்குப் பொருள் சொல்பவராகவும் இருத்தல் ஆகாது என்று ஸ்காட்லாந்து மறுத்தது. இதற்குள் அயர்லாந்து 1875ஆம் ஆண்டிலும் வேல்சு 1881ஆம் ஆண்டிலும் இங்கிலாந்தை எதிர்த்து ஆடிப் பன்னாட்டுக் களத்திற்கு வந்திருந்தன. ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்சு ஆகிய மூன்றும் சேர்ந்து 1886ஆம் ஆண்டில் பன்னாட்டு ரக்பி வாரியத்தை அமைத்தன. இங்கிலாந்து அதில் சேர மறுத்தது. தம்மிடமே கழகங்கள் மிகுதி என்பதால் சம இடம் பெறுவதை அது ஏற்கவில்லை. வாரியத்தில் சேராத இங்கிலாந்துடன் பிறர் ஆட மறுத்தனர். நாகக் கைப்பிடிக் கோப்பை ஆடுவாரின்றிக் கிடந்தது.

தீர்வு களத்தில் கிடைக்கவில்லை. நடுவர் மன்றத்தில் கிடைத்தது. 1890ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் உயர்நிலை நீதிபதி ஒருவரும் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் தலைவரும் இருதரப்பையும் கேட்டு முடிவு கூறினர். வாரியத்தின் பன்னிரண்டு இடங்களில் இங்கிலாந்துக்கு ஆறு. மற்ற மூன்று நாடுகளுக்கும் இரண்டிரண்டு. பன்னாட்டுப் போட்டிகளுக்குரிய விதிகள் இனி வாரியத்திற்கே உரியவை. இங்கிலாந்து பாதி இடங்களைப் பெற்றது. ஆனால், தான் மட்டுமே முடிவு செய்யும் உரிமையை விட்டுக்கொடுத்தது. மற்றவர்கள் குறைந்த இடங்களை ஏற்றனர். பொது விதியைப் பெற்றனர். வெள்ளியால் செய்த கோப்பை காப்பாற்ற முடியாத ஆட்டத்தை, இருதரப்பும் விட்டுக்கொடுத்துச் செய்த ஒப்பந்தம் காப்பாற்றியது.

கோட்டிற்கு வெளியே நின்றவர்கள்

நாடுகளுக்கிடையே பொது விதி அமைந்தது. மாந்தர் அனைவர்க்கும் அது பொதுவாயிற்றா? இங்கிலாந்தின் வடபகுதியில் சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்த வீரர்கள் ஆட வந்த நாளில் கூலியை இழந்தனர். இழந்த கூலியை ஈடு செய்ய வேண்டுமென்று அவர்களின் கழகங்கள் கேட்டன. பணத்திற்காக ஆடுதல் கூடாது என்று ஒன்றியம் 1893ஆம் ஆண்டில் மறுத்தது. ஓய்வும் வசதியும் உடையோர்க்கு அவ்விதி சுமையாக இல்லை. நாட்கூலி பெறுவோர்க்கு அதுவே வேலியாயிற்று. 1895 ஆகத்து மாதத்தில் இருபதுக்கும் மேற்பட்ட வடபகுதிக் கழகங்கள் அடர்சுபீல்டு நகரில் கூடித் தனி அமைப்பைக் கண்டன. இன்றைய ‘ரக்பி லீக்’ ஆட்டத்தின் தோற்றம் அதுவே. ரக்பி ஒன்றிய ஆட்டத்தில் வீரர்கள் ஊதியம் பெறுவதற்கிருந்த தடை சரியாக ஒரு நூற்றாண்டு கழித்து, 1995ஆம் ஆண்டில்தான் நீக்கப்பட்டது.

இந்தியாவுக்கும் காத்திருப்பு நீண்டது. 1998ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் நடந்த ஆசியப் போட்டியில் இந்திய அணி முதன்முதலாகப் பன்னாட்டு ரக்பிக் களத்தில் இறங்கியது. கல்கத்தாவின் வெள்ளி எடின்பரோவை அடைந்து அப்போது 119 ஆண்டுகள் கடந்திருந்தன.

மூலக் கோப்பை இன்று இலண்டனிலுள்ள டுவிக்கன்காம் அருங்காட்சியகத்திற்கு உரியது. காலத்தாலும், 1988ஆம் ஆண்டுப் போட்டிக்குப்பின் வீரர்கள் சிலரின் கவனமின்மையாலும் அது நலிவுற்றது. எனவே, வென்ற அணிக்கு அதன் படியே வழங்கப்படுகிறது. ஆட்டமோ ஆண்டுதோறும் தொடர்கிறது.

வளப்பூர் நாட்டிலோ வேறெந்த நாட்டிலோ, நாளை மாலை இரு ஊர்ப் பிள்ளைகள் திடலில் கோடு கிழிப்பார்கள். எத்தனை பேர் ஆடுவது, எது ஆட்டமிழப்பு, யார் நடுவர் என்று சற்று நேரம் பேசுவார்கள். யார் யாரைச் சேர்த்துக்கொள்வது என்றும் பேசுவார்கள். அந்தப் பேச்சு வீண்பொழுதன்று. எடின்பரோவுக்கும் இலண்டனுக்கும் இருபது ஆண்டுகள் பிடித்த வேலையை அவர்கள் அரை நாழிகையில் செய்கிறார்கள். ஆட்டம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

தெரிந்து தெளிவோம்

அன்றைய வெள்ளி ரூபாய் நாணயத்தின் எடை ஏறத்தாழ 11.66 கிராம், அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. எனவே, கல்கத்தா கோப்பைக்காக உருக்கப்பட்ட 270 நாணயங்களின் எடை மூன்று கிலோகிராமுக்குச் சற்று மிகுதியாகும்.

பன்னாட்டு ரக்பிப் போட்டிகளில் அணிக்கு இருபது பேர் என்பது 1877ஆம் ஆண்டில் பதினைந்து பேராகக் குறைக்கப்பட்டது. கூட்டம் குறைந்ததால் களத்தில் இடம் பெருகியது. ஓட்டமும் பந்தைக் கைமாற்றும் திறனும் வளர்ந்தன.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் ஆடப்படும் விளையாட்டு ஒன்றின் விதிகளைப் பெரியோரிடம் கேட்டு எழுதுக. அண்டை ஊரின் விதிகளோடு அவை வேறுபடும் இடங்களைச் சுட்டுக.

2. ‘விதியை வகுத்தவரே அதற்குப் பொருள் சொல்லவும் வேண்டும்’ என்னும் தலைப்பில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து ஆகிய இருதரப்பினராக நின்று வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.

3. கல்கத்தா கோப்பை தன் வரலாற்றைத் தானே கூறுவதாகக் கற்பனை செய்து ஒரு பக்க அளவில் எழுதுக.

4. ‘நாடு’ என முடியும் தமிழக ஊர், வட்டாரப் பெயர்களைத் தொகுத்து, அவற்றின் பெயர்க்காரணங்களை வகுப்பறையில் கலந்துரையாடுக.